சூட்டறையின் மூக்குகள்

அக்கா,

நேற்றுக் காலை பாய்லரின் இரும்பு உடம்பில் அப்பியிருந்த சந்தனம் சூடேறி வாசனை வந்தது. குழைத்து வைத்த சந்தனத்துக்கு ஒரு வாசனை; சூட்டில் காய்ந்து கருகும் சந்தனத்துக்கு வேறு வாசனை. இந்த இரண்டாவது வாசனை நம் வீட்டில் வருஷத்தில் ஒரே ஒரு நாள்தான் வரும், ஆயுத பூஜைக்கு மறுநாள் அடுப்பு மூட்டும்போது. போன வருஷம் நீங்கள் போன துக்கத்தில் பூஜையே இல்லை. வருஷத் திதி முடிந்து இந்த வருஷம்தான் மறுபடி செய்தோம். அந்த வாசனை வந்ததும் எல்லாருக்கும் உங்கள் ஞாபகம். உங்கள் வீட்டுக்காரர், பாவா, அடுப்புக்குப் பக்கத்தில் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றார். என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு அழுகை வரவில்லை, அக்கா. வயிறுதான் எரிந்தது.

இதை வேறு யாரிடமாவது சொன்னால் செத்தவள்மேல் என்னடி பொறாமை என்று காறித் துப்புவார்கள். உங்களிடம் சொல்லலாம். உங்களுக்கு அது எப்போதோ தெரியும்.

நான் இந்த வீட்டுக்குச் சின்ன மருமகளாக வந்தது ஓர் ஆவணியில். எங்கள் அப்பா வீட்டில் தறி மட்டும்தான், சாயம் தெரியாது. இங்கே வீட்டை ஒட்டியே சாயப்பட்டறை, பின்கட்டில் பாய்லர், அதற்குப் பக்கத்தில் சூட்டறை. பொதட்டூர்பேட்டைத் தறிகளுக்கு லுங்கி நூல் சாயம் போட்டுத் தருவதுதான் குடும்பத் தொழில் என்று தெரியும். ஆனால் மழைக்காலத்தில் அந்த நூலைக் காயவைக்க ஓர் அறைக்கே காய்ச்சல் வரவழைப்பார்கள் என்று தெரியாது. நான்கு சுவரிலும் குழாய். பாய்லரிலிருந்து ஆவி வந்து குழாய்கள் கொதிக்கும். நடுவில் மூங்கில் கழிகளில் ஈர நூல் தொங்கும். ஒவ்வொரு குழாயின் கடைசியிலும் கட்டைவிரல் அளவுக்கு ஒரு பித்தளை மூடி, அதன் தலையில் குண்டூசி நுழையும் துளை. ஏர் வென்ட் என்று அதை வாங்கி வந்த கடையில் சொன்னார்களாம். நீங்கள்தான் அதற்கு மூக்கு என்று பேர் வைத்தீர்கள். வீடு முழுக்க அந்தப் பேரையே பிடித்துக்கொண்டது. நான் மட்டும் ரொம்ப நாள் வென்ட் என்றே சொல்லிக்கொண்டிருந்தேன், அந்த வார்த்தை வாயில் நிற்காவிட்டாலும்.

அந்த முதல் ஐப்பசியில் விடாமல் மழை. மலைக்கோயில் கோபுரம்கூட நாள் முழுக்கக் கண்ணில் படவில்லை. வடக்குச் சுவர்க் குழாய் சில்லென்று கிடந்தது. அங்கே தொங்கிய மஞ்சள் நூலில் பூசணம் பிடித்துவிடும் என்று அத்தை கையைப் பிசைந்தார். பாவா ஸ்பேனரால் குழாயைத் தட்டினார். என் வீட்டுக்காரர் அடுப்பில் இன்னும் விறகைத் தள்ளினார். நீங்கள் அடுக்களையிலிருந்து இட்லி மாவுக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்தீர்கள். புறங்கையைக் குழாயில் ஒட்டியும் ஒட்டாமலும் வைத்து நடந்தீர்கள். கொஞ்ச தூரத்தில் கை நின்றது. அதுவரை சூடு, அதற்குமேல் இல்லை. யாரிடமும் ஒன்றும் கேட்காமல் வால்வை மூடச் சொன்னீர்கள். குழாய் ஆறியதும் கடைசி மூடியைத் திருகி எடுத்து வாயில் வைத்து ஊதினீர்கள். காற்று போகவில்லை.

"மூக்கு அடைச்சிகினு கீது. உள்ள இருக்கிற காத்து வெளிய போனாத்தான ஆவி அந்த எடத்துக்கு வரும்? நீங்க எவ்ளோ வெறகு தள்ளினா இன்னா?"

அவ்வளவுதான் சொன்னீர்கள். மூடியைப் புளித்தண்ணீரில் ஊறப்போட்டு, உப்புக்கறையைத் தேய்த்து, துளையில் ஊசி விட்டுத் திரும்ப மாட்டினீர்கள். வால்வைத் திறந்ததும் மூக்கு மெல்ல மூச்சுவிட்டது. பிறகு டிக் என்று தானாக மூடிக்கொண்டது. குழாய் கடைசிவரை சூடானது. அத்தை அன்றைக்கு உங்களுக்குத்தான் முதல் டம்ளர் காப்பி கொடுத்தார். நான் புது மருமகள், தலையில் பூவோடு கதவோரம் நின்றுகொண்டிருந்தேன். என்னை ஒருத்தரும் பார்க்கவில்லை. அன்றைக்குப் பற்றிக்கொண்டதுதான் இந்த எரிச்சல்.

உங்கள் நைனா சர்க்கரை ஆலையில் பாய்லர் பார்த்தவர் என்றும், அம்மையார்குப்பத்தில் உங்கள் வீட்டில் சோற்றுக்கு நடுவிலும் ஆவி, அழுத்தம் என்றுதான் பேச்சு ஓடும் என்றும் பிறகு தெரிந்தது. அப்படியென்றால் அது பிறந்த வீட்டுச் சீதனம், இதில் பெருமை என்ன என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். சமாதானம் ஆகவில்லை. வருஷா வருஷம் மழை வந்தது, வருஷா வருஷம் ஏதாவது ஒரு குழாய் மக்கர் செய்தது, வருஷா வருஷம் "அண்ணியக் கூப்புடு" என்று என் வீட்டுக்காரர் வாய் முதலில் அந்தப் பேரைத்தான் சொன்னது. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அந்த அறையில் எல்லாரும் திரும்பி என்னைப் பார்க்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன். பெரிய ஆசை ஒன்றும் இல்லை. ஆனால் அதற்காக நான் வேண்டிக்கொண்டது முருகனுக்குத் தெரியும்.

நீங்கள் எனக்கு எதையும் கற்றுக்கொடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்பதைவிட நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் என்றிருந்தேன். ஆனால் நீங்கள் சூட்டறைக்குள் நுழைந்தால் எனக்கு அங்கே ஏதாவது ஒரு வேலை இருக்கும்; நூலைத் திருப்பிப் போடுவேன், கழியைத் துடைப்பேன். கண் முழுக்க உங்கள் கைமேல் இருக்கும். குழாய் டங்டங்கென்று இடித்தால் நீங்கள் மூக்கைத் தொடமாட்டீர்கள். நடுவில் தொய்ந்துபோய் தண்ணீர் நிற்கிறது என்று அடியில் ஒரு மரத்துண்டைக் கொடுத்துத் தூக்குவீர்கள். மூக்கு ஓயாமல் சீறிக்கொண்டு நூல்மேல் துருத்தண்ணீர் தெளித்தால், அதற்கு மூடிக்கொள்ளத் தெரியவில்லை என்று கழற்றிப் போட்டுவிடுவீர்கள். சந்தேகமாக இருந்தால் வெந்நீரில் முக்கி எடுத்துத் துணியில் சுற்றி ஊதிப் பார்ப்பீர்கள். ஆறிய மூக்கில் காற்று போக வேண்டும், சுட்ட மூக்கில் போகக்கூடாது. ஆசையாக ஒருத்தரைப் பார்த்தால்கூட இவ்வளவு ஞாபகம் இருக்காது. வயிற்றெரிச்சலில் பார்த்ததால் எல்லாம் அப்படியே நிற்கிறது.

எனக்கும் ஒரு வேலை வந்தது என்பதைச் சொல்ல வேண்டும். கலர். யாராவது லுங்கித் துணியின் ஒரு துண்டைக் கொண்டுவந்து இதே பச்சை வேண்டும் என்றால், ஈர நூலைப் பார்த்தே காய்ந்தபின் என்ன ஆகும் என்று என்னால் சொல்ல முடியும். யாரும் சொல்லித்தரவில்லை, தானாக வந்தது. அதனாலேயே அதை நான் மதிக்கவில்லை. ஆவி சீறுகிற அறையில் எல்லாரும் பதறி நிற்கும்போது வந்து நிறுத்துவது வேறு, தொட்டிப் பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்சம் மஞ்சள் சேருங்க என்று சொல்வது வேறு. முதலாவதற்குத்தான் காப்பி.

உங்களுக்கு உடம்பு முடியாமல் வீட்டோடு கிடந்த மாதம். ஒரு மத்தியானம் உங்களுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தேன். முடி சீப்போடு வந்தது. உங்களுக்குத் தெரியாமல் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டேன். நீங்கள் என் பக்கம் திரும்பாமலே பேசினீர்கள்.

"நீ கலரு சொன்னா ஒருத்தரும் அத்த வெளிச்சத்துக்கு எடுத்துகினு போயி பாக்கமாட்டாங்க. அப்டியே தொட்டியில போட்டுருவாங்க. நான் இந்தக் குழாய்தான்னு சொன்னா, உங்க பாவா மொதக்கொண்டு வந்து கைய வெச்சிப் பாத்துட்டுதான் நம்புவாரு. இத்தினி வருசமா அதுல எனக்கு உம்மேல வயித்தெரிச்சல்தாம்மா."

சொல்லிவிட்டுச் சிரித்தீர்கள். இத்தனை வருஷமாக நான் மூச்சுக் காட்டாமல் மறைத்து வைத்திருந்ததை நீங்கள் தலை வாரும் நேரத்தில் இவ்வளவு சுலபமாக எடுத்துப் போட்டுவிட்டீர்கள். சும்மா இருங்கக்கா என்று மட்டும் சொன்னேன். எனக்கும்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. அன்று ராத்திரி படுத்தபோது தோன்றியது, பொறாமையைச் சொல்வதில்கூட நீங்களே என்னை முந்திக்கொண்டீர்கள் என்று. அதற்கும் சேர்த்துப் பொறாமைப்பட்டேன்.

பிறகு போய்விட்டீர்கள். அதுவும் பூவும் பொட்டுமாகப் போனீர்கள். தெருப் பெண்கள் வரிசையில் நின்று உங்கள் நெற்றிக் குங்குமத்தை எடுத்துத் தாங்கள் வைத்துக்கொண்டார்கள். கொடுத்து வைத்த மகராசி என்றார்கள். நான் உங்கள் கால்மாட்டில் அழுதுகொண்டிருந்தேன், நிஜமாகவே அழுதேன். அந்த அழுகைக்கு நடுவிலும், எனக்கு இந்தச் சாவு கிடைக்குமா என்று ஒரு நினைப்பு ஓடியது. என்னை என்ன செய்வது சொல்லுங்கள்.

இப்போது பூஜைக்கு வருகிறேன். நீங்கள் இருந்தபோது பாய்லருக்கும் தொட்டிகளுக்கும் ஆண்கள் பொட்டு வைப்பார்கள், சூட்டறைக்குள் நீங்கள் மட்டும்தான் போவீர்கள். இந்தத் தடவை பாவா போனார். சந்தனத்தைப் பன்னீர் விட்டுத் தானே குழைத்தார். நான் பொரிகடலைத் தட்டை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போனேன். வடக்குச் சுவர்க் குழாயின் மூக்குக்கு மூன்று விரலால் சந்தனம் அப்பி, நடுவில் குங்குமம் வைத்து, சின்னதாக ஒரு மல்லிகைச் சரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "அவ கைய வெச்ச எடம்மா இதெல்லாம்" என்றார். மற்ற மூன்று மூக்குக்கும் பூ இல்லை, சந்தனமும் குங்குமமும் அதே மாதிரி. பித்தளை கொஞ்சம்கூடத் தெரியவில்லை. எனக்குத் தாங்கவில்லை, அக்கா. என் வீட்டுக்காரர் எனக்குப் பூ வாங்கி வந்து எத்தனை காலம் ஆகிறது என்று கணக்குப் போட்டுக்கொண்டே தட்டை அங்கேயே வைத்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். அதற்கு மேல் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. நின்று சரியாகப் பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

மறுநாள், அதாவது நேற்று, விடிந்ததிலிருந்து மழை. பாய்லர் சூடேறி, சந்தன வாசனை வந்து, எல்லாரும் கண்ணைத் துடைத்து முடித்தபின் சூட்டறைக்கு ஆவியைத் திறந்தார்கள். ஒரு குழாயும் சூடாகவில்லை. நான்கும் தொடக்கத்தில் கொஞ்சம் சுட்டுவிட்டு அப்படியே நின்றன. என் வீட்டுக்காரர் பாய்லரிலேயே கோளாறு என்றார், அரக்கோணத்திலிருந்து மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டும் என்றார். பாவா மூங்கில் கழியைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டார்.

"அவ போனாப்போல எல்லாம் போச்சி. அவ இல்லாம இந்த ரூமு நமக்கு எதுக்கு? மூடிடலாம்பா" என்று தம்பியிடம் சொன்னார். கோபத்தில் சொன்ன பேச்சு இல்லை. ரொம்ப நாளாக உள்ளே வைத்திருந்ததைச் சொல்கிற குரல்.

நான் புறங்கையைக் குழாயில் வைத்தேன். நீங்கள் செய்ததைப் போலவே, ஒட்டியும் ஒட்டாமலும். யாரும் கவனிக்கவில்லை. ஒன்று அடைக்கும், அக்கா, சில சமயம் இரண்டு அடைக்கும். பூஜைக்கு முன்புவரை நன்றாக இருந்த நான்கும் ஒரே நாளில் எப்படி அடைக்கும்? அப்படியே நடந்துபோய் வடக்கு மூக்குக்கு எதிரே நின்றேன். மல்லிகை வாடியிருந்தது. சந்தனம் காய்ந்து பாளமாக இறுகியிருந்தது. துளை இருக்கும் இடத்தில்தான் குங்குமம்.

அப்போதுதான் நீங்கள் ஏன் வருஷா வருஷம் தனியாக உள்ளே போனீர்கள் என்று புரிந்தது. நீங்கள் வைத்த பொட்டு எப்போதும் மூடியின் பக்கவாட்டில், கடுகு போல இருக்கும். கஞ்சத்தனம் என்று நான் நினைத்திருந்தேன்.

நான் எவ்வளவு காலம் காத்திருந்த நிமிஷம் அது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வாயைத் திறந்தால் போதும். இங்கே வாங்க, இதுதான் என்றால் இரண்டு பேரும் ஓடி வந்து நிற்பார்கள். என்னைத்தான் பார்ப்பார்கள். மெக்கானிக் வேண்டாம், அண்ணி வேண்டாம். நான் திரும்பினேன். பாவா தரையில் உட்கார்ந்து அந்த மல்லிகைச் சரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். உங்களுக்கு வைத்த பொட்டினால்தான் அறை நின்றுபோயிற்று என்று அவரிடம் யார் சொல்வது? சொல்லலாம் என்று ஒரு மனசு. உண்மைதானே, அதில் என்ன தப்பு என்று அது அழுத்திச் சொன்னது. சும்மா சொல்லக்கூடாது, அந்த மனசு கெட்டிக்காரி.

நான் சொன்னது இதுதான். "ஈரக்காத்துங்க பாவா. குழாயெல்லாம் கொஞ்சம் ஆறட்டும். நீங்க ரெண்டு பேரும் போய் சாப்டுட்டு வாங்க, இட்லி ஆறிப்போவுது."

போனார்கள். பாவா எழுந்து போகும்போது ஒருமுறை திரும்பிப் பார்த்தார். நான் வால்வை மூடினேன். குழாய்கள் ஆறும்வரை காத்திருந்து, பூவைக் கலைக்காமல் சரத்தைக் கழற்றி வைத்துவிட்டு நான்கு மூக்கையும் திருகி எடுத்தேன். வெந்நீரில் போட்டுச் சந்தனத்தைக் கரைத்தேன். சேலையில் இருந்த ஊக்கால் துளைகளைக் குத்திவிட்டு, ஆறவைத்து ஒவ்வொன்றாக வாயில் வைத்து ஊதினேன். உதட்டில் பித்தளையும் குங்குமமும் கலந்த ஒரு ருசி. நான்கிலும் காற்று போனது. திரும்ப மாட்டினேன். பிறகு கிண்ணத்தில் மிச்சமிருந்த சந்தனத்தை எடுத்து ஒவ்வொன்றின் பக்கவாட்டிலும் பட்டையாக வைத்து, மேலே குங்குமம் இட்டு, வடக்கு மூக்குக்குச் சரத்தைப் பழையபடி சுற்றினேன். தலையில் இருந்த துளை மட்டும் திறந்திருந்தது. பக்கத்தில் வந்து உற்றுப் பார்த்தாலொழிய தெரியாது.

வால்வைத் திறந்தேன். நான்கு மூக்கும் ஒன்றாக மூச்சுவிட்டன. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு தனியாக நின்றேன். ஒவ்வொன்றாக டிக் என்று மூடியது. நான் செய்தேன். என் கை செய்தது. சிரிப்புத் தாங்கவில்லை எனக்கு.

சாப்பிட்டுக் கைகழுவி இரண்டு பேரும் வந்தார்கள். அறை சூட்டில் கமகமத்தது. என் வீட்டுக்காரர் ஒவ்வொரு சுவராகக் கைவைத்துப் பார்த்துக்கொண்டு போனார். பாவா நேராக வடக்குச் சுவருக்குப் போனார். குழாயின் கடைசியில் கை வைத்தார், சுட்டது, கையை எடுக்கவில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"பாத்தியாடா. வந்தாடா அவ. வந்து பாத்துட்டு போயிருக்கா."

"ஆங்ணா, அண்ணிதான். வேற யாரு" என்றார் என் வீட்டுக்காரர். அவர் கண்ணும் கலங்கியிருந்தது. பிறகு பாவா என் பக்கம் திரும்பி, ரூமை மூட வேண்டாம்மா, நூலை ஏத்தச் சொல் என்றார். குரல் பழைய குரலாகிவிட்டது. ஆமாங்க பாவா என்றேன். நனைந்த நூலைக் கழியில் போட ஆரம்பித்தேன்.

அக்கா, நீங்கள் உயிரோடு இருந்தபோது உங்களிடம் தோற்றேன், அது ஒரு மாதிரி. செத்தபிறகும் என் வேலைக்கு வந்து பேர் வாங்கிக்கொண்டு போகிறீர்களே, இது எந்த ஊர் நியாயம்? நேற்று முழுக்க அந்த எரிச்சல் என்னைவிட்டுப் போகவில்லை. இன்றைக்கும் இருக்கிறது. இது போய்விடும் என்று தோன்றவில்லை. போகவேண்டும் என்றும் இப்போது எனக்கு ஆசை இல்லை. இந்த வீட்டில் எல்லாரிடமும் உங்கள் போட்டோவும் கண்ணீரும் இருக்கின்றன. என்னிடம் இருப்பது இதுதான். இது இருக்கும்வரை நீங்கள் அடுத்த அறையில் நடமாடுகிற மாதிரியே இருக்கிறது.

அடுத்த வருஷ ஆயுத பூஜைக்கும் சூட்டறைக்குள் பாவாதான் போவார், அதே மாதிரி அப்புவார். மறுநாள் நான் முன்னாலேயே எழுந்து துளைகளைத் துடைத்து வைத்துவிடுவேன். குழாய் சூடாகும், அண்ணி வந்தாங்க என்பார்கள். நான் ஆமாம் போடுவேன். அவர்களிடம் சொல்லவே போவதில்லை. ஆனால் ஒருத்தருக்காவது தெரிய வேண்டும், அதுவும் இந்த வேலையின் அருமை தெரிந்தவருக்குத் தெரிய வேண்டும். அதற்குத்தான் இந்தக் கடிதம்.

நேற்று நீங்கள் வரவில்லை, அக்கா. நான்தான்.